போர்ஷே வளர்ப்பவர்

911 சார் வண்டி கழுவுகிற ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த அபார்ட்மென்ட்டில் யாரும் காரை எடுக்க மாட்டார்கள். எடுத்தால் தூசி கிளம்பும். கிளம்பினால் சார் வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார், பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்துதான் எதிர்ஃப்ளாட் மாமா சொந்தக் காரை விட்டுவிட்டுக் கோயிலுக்கு ஆட்டோவில் போகிறார்.

சாருக்கு வேறொரு பெயர் இருக்கிறது. ஆதார் அட்டையில் பார்த்துக்கொள்ளலாம். வாட்ச்மேன் முதல் அசோசியேஷன் செக்ரட்டரி வரை எல்லோருக்கும் அவர் 911 சார்தான். அவருடைய போர்ஷே 911 வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. மீட்டரில் ஒன்பதாயிரம் கிலோமீட்டர். அண்ணா நகரில் ஒருவர், நீலாங்கரையில் ஒருவர், கோவை ரேஸ்கோர்ஸில் ஒருவர் என்று இவருடைய இனத்தார் ஊர் ஊருக்கு உண்டு. சிலர் வீட்டில் ஃபெராரி நிற்கும். வியாதி ஒன்றுதான்.

ஒரு வாளித் தண்ணீரும் கிழிந்த பனியனும் இருந்தால் வண்டி கழுவிவிடலாம் என்று நினைக்கிறவர்கள் மீது அவருக்கு இரக்கம் அதிகம். அவரிடம் வாளி இரண்டு. ஒன்றில் ஷாம்பூ, மற்றதில் துணி அலசும் தண்ணீர். இரண்டின் அடியிலும் பிளாஸ்டிக் சல்லடை. துணியிலிருந்து இறங்கும் மண் அதற்குக் கீழே போய்த் தங்க வேண்டும். மறுபடி துணியில் ஏறி பெயின்ட்டைக் கீறக் கூடாது. முதலில் நுரை அடித்து ஊற வைப்பார். பிறகு கூரையில் ஆரம்பித்து நேர்க்கோட்டில் இறங்குவார். வட்டமாகத் துடைத்தால் வெயிலில் வட்ட வட்டமாகக் கீறல் தெரியுமாம். சக்கரங்களுக்குத் தனி வாளி, தனித் துணி. போல்ட் குழிகளுக்குக் காது குடைகிற பஞ்சுக் குச்சி. கடைசி அலசலுக்குக் கேன் தண்ணீர். போர் தண்ணீர் காய்ந்தால் உப்புத் திட்டு விழும் என்பதால் இருபது லிட்டர் கேன் இரண்டு, வண்டியின் பேருக்கே வந்து இறங்குகிறது.

“ஏங்க, நாங்கல்லாம் போர் தண்ணியிலதான் குளிக்கிறோம்” என்று அவர் மனைவி ஒருநாள் எடுத்துச் சொல்லிப் பார்த்தார்.

“உங்களுக்கு கிளியர் கோட் இல்லையேம்மா” என்றார் சார்.

வேடிக்கை பார்க்க நாலு பேர் கூடிவிட்டால் பிரசங்கமும் உண்டு. 1963இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சிக்கு இந்த வண்டி 901 என்ற பெயரில் வந்தது, நடுவில் சைபர் வைத்த மூன்றிலக்கப் பெயரெல்லாம் எங்களுடையது என்று பெஜோ கம்பெனி தகராறு செய்ததால் 911 ஆனது என்று தொடங்குவார். நின்ற இடத்திலிருந்து நாலரை நொடிக்குள் நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொடும் என்று முடிப்பார். நீங்கள் தொட்டிருக்கிறீர்களா என்று கேட்கக் கூடாது.

சர்வீஸ் விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம், எது முந்துகிறதோ அது என்பது கம்பெனிக் கணக்கு. சார் வீட்டில் மாதமே முந்தும். கிலோமீட்டர் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. வருஷம் தவறாமல் ஏறக்குறைய ஏழரை லிட்டர் சிந்தெடிக் ஆயில் கறுக்காமல் வெளியே வருகிறது; இன்னொரு ஏழரை உள்ளே போகிறது. “ஏழரையா? அது வண்டி வந்த அன்னிக்கே புடிச்சிருச்சுடா” என்றார் சாரின் அம்மா.

அடுத்து பிரேக் ஆயில். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சக்கூடியது. புது டாட் 4 ஆயில் 230 டிகிரி வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். பந்தயத் தடத்தில் இருநூறில் வந்து வளைவுக்கு வளைவு பிரேக் மிதிக்கிறவனுக்கு இது உயிர் போகிற சமாசாரம். சார் பிரேக் மிதிப்பது பார்க்கிங் தூணுக்கு. இருந்தாலும் இரண்டு வருஷம் முடிந்த மறுநாள் மாற்றிவிடுவார். சென்னைக் காற்றை அவர் நம்புவதில்லை.

டயர் பக்கவாட்டில் நாலு எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருஷத்தின் 23ஆவது வாரத்தில் பிறந்தது என்று பொருள். இந்த ஜாதகத்தைப் பார்த்துத்தான் சார் டயர் மாற்றுகிறார், தேய்மானத்தைப் பார்த்தல்ல. பின்டயரின் அகலம் 295 மில்லிமீட்டர். கழற்றும்போது அதில் ரப்பர் முடிகூட உதிர்ந்திருக்காது. ஒரே இடத்தில் நின்றால் டயர் அடி தட்டையாகிவிடும் என்று மாதம் இரண்டு தடவை வண்டியை ஓரடி முன்னே, ஓரடி பின்னே நகர்த்துவார். மீட்டரில் இருக்கிற ஒன்பதாயிரத்தில் பாதி இப்படி ஏறியதுதான் என்பது வாட்ச்மேனின் கணக்கு.

ஓட்டாத வண்டிக்கு எதற்கு இவ்வளவு என்று கேட்பவர்களுக்கு விஷயம் புரியவில்லை. ஓட்டாததால்தான் இவ்வளவும். ஆயில் அளவையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வண்டியில் அளவுக் குச்சி கிடையாது. திரையில்தான் பார்க்க வேண்டும். திரை அளவு சொல்ல வேண்டுமானால் எஞ்சின் நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும். சூடேற வேண்டுமானால் நாலு தெரு ஓட்ட வேண்டும். தெருவில் ஸ்பீடு பிரேக்கர் இருக்கிறது. ஆகவே ஆயில் பார்ப்பதற்கு ஜாதகம், வானிலை, மாநகராட்சி பள்ளம் தோண்டியிருக்கிறதா என்பது உட்பட எல்லாம் கூடி வர வேண்டும்.

பேட்டரி கதை இன்னும் மோசம். நிற்கிற வண்டியிலும் அலாரம், பூட்டு என்று ஏதாவதொன்று கரண்ட் குடித்துக்கொண்டே இருக்கும். அதற்காகச் சுவரிலிருந்து சார்ஜர் போட்டே வைத்திருப்பார். ஒருமுறை அவர் வெளியூர் போயிருந்தபோது யாரோ அந்த பிளக்கை உருவிவிட்டு எலெக்ட்ரிக் ஸ்கூட்டருக்கு சார்ஜ் போட்டுவிட்டார்கள். திரும்பி வந்து பார்த்தால் வண்டியில் உயிர் இல்லை. பேட்டரி இருப்பது முன்பக்க டிக்கிக்குள். டிக்கியைத் திறப்பது எலெக்ட்ரிக் ஸ்விட்ச். ஸ்விட்சுக்குக் கரண்ட் வர வேண்டியது டிக்கிக்குள் இருக்கிற பேட்டரியிலிருந்து. ஜெர்மன்காரன் இதற்கும் வழி வைத்திருக்கிறான்: ஃபியூஸ் பெட்டியில் வெளியே இழுக்கிற மாதிரி ஒரு முனை உண்டு, வேறொரு பேட்டரியிலிருந்து அதற்குக் கரண்ட் கொடுத்தால் டிக்கி வாயைத் திறக்கும். அந்த வேறொரு பேட்டரி தெருமுனை ஸ்டாண்டில் நின்ற ஆட்டோவிலிருந்து வந்தது.

“இன்னா சார் வெல இது?” என்று வொயரைப் பிடித்தபடி ஆட்டோக்காரர் கேட்டார்.

“கோடிக்கு மேல.”

“நம்மளுது ஒரே செல்ஃபு சார்.”

ஆயுத பூஜை வந்தால் வீட்டில் இரண்டு கட்சி. செராமிக் கோட்டிங் மேல் சந்தனம் கூடாது என்பது சார் கட்சி. பொட்டு வைக்காத வண்டி வீட்டு வாசலில் நிற்கக் கூடாது என்பது அம்மா கட்சி. கடைசியில் நம்பர் பிளேட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று உடன்பாடானது. அது அரசாங்கத்துப் பொருள். எலுமிச்சம்பழத்தில்தான் பேச்சு முறிந்தது.

“சிட்ரிக் ஆசிட்மா. ரிம்முல தெறிச்சா கறை விழும்.”

“உங்கப்பா அம்பாசிடருக்கு முப்பது வருஷம் வெச்சேன். ஒரு கறையும் விழலை. அது ஓடவும் ஓடுச்சு.”

அதன் பிறகு எலுமிச்சம்பழங்கள் வைக்கப்பட்டன, டயருக்கு அரையடி தள்ளி, பாலிதீன் பைக்குள். தேராவது வருஷத்துக்கு ஒருமுறை நாலு வீதி சுற்றி வரும். 911 அன்றைக்கு அரையடி முன்னேறி, பழம் நசுங்கியதும் நின்றுவிட்டது.

ஓட்டுவதே இல்லை என்று சொன்னால் பாவம். எப்போதாவது விடியற்காலையில் ஈசிஆர் பக்கம் கிளம்புவார். ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் வண்டியைக் கோணலாகத் திருப்பி, ஒரு சக்கரம் ஒரு சக்கரமாக ஏற்றி இறக்குவார். பின்னால் வருகிற பால் வண்டிக்காரர் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருப்பார். முன்னால் ஒரு மணல் லாரியைப் பார்த்துவிட்டால் போதும், கல் தெறிக்கும் என்று யூ டர்ன். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்கும் தவறாமல் போவார், போர்ஷே தொப்பி போட்டுக்கொண்டு, கால் டாக்ஸியில்.

மழைக்காலத்தில் மட்டும் வண்டி உண்மையாகவே வேகம் எடுக்கும். ஆரஞ்சு அலர்ட் என்று டி.வி. வாய் திறந்த மறுநிமிஷம் சார் வேளச்சேரி மேம்பாலத்தில் நிற்பார். பாலத்தில் இடம் பிடிக்கிற பந்தயத்தில் இதுவரை 911 தோற்றதில்லை. போர்ஷே அந்த எஞ்சினைச் செய்ததற்கு இந்த ஊரில் கிடைத்த ஒரே நியாயம் இதுதான்.

அவருடைய மெக்கானிக் பாய் நேர்மையானவர். “சார், இதுக்கு ஒரு வியாதியும் இல்ல. தெனம் ஆபீசுக்கு எடுத்துட்டுப் போங்க, எல்லாம் சரியாப் போயிரும்” என்று வருஷா வருஷம் சொல்கிறார். சாரும் வருஷா வருஷம் தலையாட்டிவிட்டு பில்லைக் கட்டுகிறார். ஓட்டினால் கிலோமீட்டர் ஏறும், ஏறினால் விலை இறங்கும் என்பது அவர் கட்சி.

போன மாதம் அந்த விலையைப் பார்த்துவிடலாம் என்று விற்க முடிவு செய்தார். வாங்க வந்தவர் வெள்ளைக் கையுறையோடும் டார்ச் லைட்டோடும் இறங்கினார். பெயின்ட் தடிமன் அளக்கும் கருவியை பானெட்டில் வைத்து வைத்து எடுத்தார். குனிந்து படுத்து அடிப்பாகம் பார்த்தார். சார் பெருமையோடு கதவைத் திறந்து மீட்டரைக் காட்டினார்.

வந்தவர் முகம் சுருங்கிவிட்டது.

“ஒன்பதாயிரமா? ரொம்பத்தான் ஓட்டியிருக்கீங்க சார்.”