சாக்குப்போக்கியல்: இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

அறிமுகம்

தமிழில் சாக்குப்போக்குகள் குறித்த முறையான ஆய்வுகள் அரிது. வாங்கிய கடனைத் திருப்பித் தராதவரின் சாக்குகளும், அலுவலகத்துக்குத் தாமதமாக வருவோரின் சாக்குகளும் அன்றாடம் விளைந்து அன்றாடமே அழிகின்றன, தொகுப்பார் இல்லை. இவற்றுள் பெரும் பொருட்செலவில் விளைவிக்கப்படும் அரிய வகை ஒன்று உண்டு. கோடிகள் கொடுத்து ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவர், ஞாயிற்றுக்கிழமை ட்ராக் டேயில் அதை ஓட்டிவிட்டு இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றியதும் சொல்லத் தொடங்குகிறாரே, அந்தக் காரணங்கள்தாம் அவை. அவற்றைத் திரட்டி, வகைப்படுத்தி, ஒவ்வொன்றையும் இயற்பியலின் முன் நிறுத்தி விசாரிப்பதே இவ்வாய்வின் நோக்கம்.

ட்ராக் டே என்பது பந்தயம் இல்லை. கட்டணம் கட்டி, சொந்த வண்டியைக் கொண்டுவந்து, அனுபவத்துக்கேற்பப் பிரிக்கப்பட்ட குழுவோடு முறைவைத்துச் சுற்றிவரலாம். முதலிடம் கிடையாது, கோப்பை கிடையாது. வெற்றி இல்லாத இடத்தில் தோல்வியும் இருக்க முடியாது; தோல்வி இல்லாதபோது சாக்கு எதற்கு? இந்த முரண்தான் ஆய்வாளரை இத்துறைக்குள் இழுத்தது.

ஆய்வெல்லை

சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால் உள்ள இருங்காட்டுக்கோட்டைத் தடமே ஆய்வுக் களம். 1953இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க்கால விமான ஓடுதளத்தில் நெடுங்காலம் பந்தயங்களை நடத்திவிட்டு, 1990இல் இங்கே தடம் அமைத்தது. முழுச் சுற்று 3.717 கி.மீ.; வளைவுகள் 12. கோவை செட்டிபாளையத்தில் 2003இல் திறந்த கரி மோட்டார் ஸ்பீட்வேயில் இதே சாக்குகள் கொங்குத் தமிழில் கிடைக்கின்றன என்பர். வட்டார வழக்கு வேறுபாடுகளை இவ்வாய்வு எடுத்துக்கொள்ளவில்லை.

இருவகை வண்டிகள் ஒப்பீட்டுக்குக் கொள்ளப்பட்டன. முதலாவது, போர்ஷே 911 ஜிடி3. என்ஜின் பின்னால், 4 லிட்டர், 6 சிலிண்டர், 510 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 9,000 சுற்றுவரை ஏறும். இரண்டாவது, மாருதி எஸ்டீம். 1.3 லிட்டர், 85 குதிரைத்திறன். சரியாக ஆறில் ஒரு பங்கு. ஏசி, பின் சீட்டு, பாட்டு கேட்கும் பெட்டி எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு, எடை குறைந்த நிலையில் தடத்துக்கு வரும்.

முன்னாய்வுகள்

குறைந்த திறனைக் கொண்டு நிறைந்த பயன் காண்பது பற்றிய முன்னோடி ஆய்வு கோவையைச் சேர்ந்த கரிவரதனுடையது. செட்டிபாளையத் தடத்துக்கு அவர் பெயரே இடப்பட்டுள்ளது. மாருதி 800இன் 796 சி.சி. என்ஜினை எடுத்து, ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியில் பொருத்தி, 'ஃபார்முலா மாருதி' என்ற வகுப்பையே அவர் உண்டாக்கினார். அந்த வண்டியில் பந்தயம் தொடங்கிய நரேன் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன்னில் ஓட்டினார். அதே இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் சான்ட்ரோவைச் செய்து குவித்த ஹூண்டாய் ஆலையும் இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கது. ஊரை நாடறியச் செய்தது சின்னக் கார்தான்.

கருதுகோள்

'காரின் குதிரைத்திறனும், அதன் உரிமையாளர் சொல்லும் காரணங்களின் எண்ணிக்கையும் நேர்விகிதத்தில் அமையும்' என்பது இவ்வாய்வின் கருதுகோள். ஸ்டாப்வாட்ச், தேய்ந்த டயர், கண்ணாடியில் ஒட்டிய கைபேசியின் காணொளி ஆகியன முதன்மை ஆதாரங்கள். வண்டிகள் வந்து நிற்கும் பிட்டுக்குப் பின்னால் டீ குடித்தபடி நிகழும் உரையாடல்கள் துணைமை ஆதாரங்கள். இரண்டும் முரண்படும் இடங்களில் உரிமையாளர்கள் துணைமை ஆதாரத்தையே ஏற்கின்றனர் என்பது இங்கே குறிக்கத்தக்கது.

இயல் 1: டயர்ச் சாக்கு

இது இரு வடிவங்களில் கிடைக்கிறது. காலை அமர்வு முடிந்ததும், "டயர் இன்னும் சூடாகலை சார்." அடுத்த அமர்வு முடிந்ததும், "டயர் ஓவரா சூடாயிடுச்சு சார்." இடைப்பட்ட ஏதோ ஒரு கணத்தில் டயர் சரியான சூட்டில் இருந்தாக வேண்டும் என்பது தருக்கப்படி உறுதி. அந்தக் கணத்தில் உரிமையாளர் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்று கொள்வதே பொருந்தும்.

ஆனால் இரண்டு வடிவங்களும் மெய். ரப்பர் குளிர்ந்திருக்கும்போது தரையைப் பற்றாது. அதனால்தான் முதல் சுற்றில் அடக்கி ஓட்டச் சொல்கிறார்கள். சூடேறினால் உள்ளிருக்கும் காற்று விரியப் பார்க்கும். விரிய இடமின்றி அழுத்தமாகும். 30 டிகிரியில் 30 பி.எஸ்.ஐ. பிடித்த டயர், உள்காற்று 80 டிகிரியை எட்டும்போது 37ஐக் காட்டும். ஊதிப்போன டயர் நடுவயிற்றால் மட்டும் தரையைத் தொடும், பிடிப்பு குறையும். சித்திரை வெயிலில் தாரே 50 டிகிரியைத் தாண்டிக் கிடக்கும் ஊரில் இது வெகு விரைவில் நிகழும். ஆகவே சாக்கு சரி. காற்றைக் கொஞ்சம் குறைவாக வைத்துத் தொடங்கி, ஒவ்வொரு அமர்வுக்குப் பின்னும் சூடாக இருக்கும்போதே அளந்து விடுவித்திருக்கலாம். அதற்கான கருவி எஸ்டீம்காரர் சட்டைப் பையில் இருந்தது.

இயல் 2: பிரேக் சாக்கு

"பெடல் தரையைத் தொட்டுடுச்சு சார். உயிர் பிழைச்சதே பெரிசு." சாக்குகளில் இது தலையாயது, சொல்பவரின் முகம் உண்மையாகவே வெளிறியிருக்கும்.

கணக்கு வருமாறு: ஓட்டுநரோடும் பெட்ரோலோடும் 1,500 கிலோ எடையுள்ள வண்டி, நேர்பாதையின் முடிவில் 200 கி.மீ. வேகத்திலிருந்து 80க்கு இறங்க வேண்டும். இறக்கி வைக்க வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 19 லட்சம் ஜூல். 6 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க, அதாவது 60 பேருக்கு டீ போட, அது போதும். இவ்வளவையும் நான்கே வினாடியில், நான்கு தட்டுகளின் வழியாக, சூடாக மாற்றி வெளியே விட வேண்டும். இதைக் குதிரைத்திறனில் சொன்னால் 650 வருகிறது. காற்றின் தடை செய்யும் உதவியைக் கழித்தாலும், காரின் மிக வலிமையான உறுப்பு பிரேக்தான் என்பது தெளிவு. ஆயினும் பானெட்டைத் திறந்து காட்டும் வழக்கம் உள்ளதுபோல், சக்கரத்தைக் கழற்றிப் பிரேக்கைக் காட்டும் வழக்கம் உரிமையாளரிடையே காணப்படவில்லை. இத்தனைக்கும் 911இல் பானெட்டைத் திறந்தால் கிடைப்பது பெட்டி வைக்கும் இடம்.

சுற்றுக்குச் சுற்று டீ போட்டால் அடுப்பு ஆற நேரமில்லை. சூடு தட்டிலிருந்து அதை அழுத்தும் பேடுக்கும், பேடிலிருந்து பிரேக் ஆயிலுக்கும் போகும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் ஏறிய பிறகு விதி கேட்பது 155 டிகிரிதான். கடலோரச் சென்னையில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ். குமிழை அமுக்கலாம், அது பேடைத் தள்ளாது. பெடல் தரையைத் தொடும். சாக்கு நூற்றுக்கு நூறு உண்மை. புது ஆயில் ஊற்றி வந்திருந்தாலோ, கடைசிச் சுற்றைப் பிரேக் தொடாமல் ஆற ஓட்டியிருந்தாலோ சொல்ல வேண்டியிருக்காது. பிட்டுக்கு வந்ததும், பழுக்கக் காய்ந்த தட்டின்மேல் ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைப்பவர்களும் உளர். அவர்களுடைய சாக்கு அடுத்த அமர்வில் வெளியாகும்.

இயல் 3: லைன் சாக்கு

"லைன் கொஞ்சம் தப்பிடுச்சு" என்பது வண்டி மண்ணில் இறங்கிய நிகழ்ச்சியைக் குறிக்கும் மங்கல வழக்கு. வண்டி முழுதாகச் சுழன்று வந்த திசையைப் பார்த்து நின்றிருப்பின், "லிமிட் எங்க இருக்குன்னு பார்த்தேன்" என்று வழங்கும்.

வளைவின் கணிதம் கொடியது. டயரின் பிடிப்பு வண்டியின் எடைக்குச் சமம் என்று வைத்துக்கொண்டால், 50 மீட்டர் ஆரமுள்ள வளைவை 80 கி.மீ. வேகத்தில் கடக்கலாம், அதற்கு மேல் கூடாது. அச்சூத்திரத்தில் ஆரம் இருக்கிறது, பிடிப்பு இருக்கிறது. குதிரைத்திறன் எங்கும் இல்லை. 510க்கும் அதே எல்லை, 85க்கும் அதே எல்லை. ஓட்டும்போது மாற்றக்கூடியது ஆரம் ஒன்றே. தடத்தின் வெளியோரத்தில் தொடங்கி, உள்மூலையைத் தொட்டு, மீண்டும் வெளியோரத்துக்கு விரிந்தால் வளைவு அகன்றுவிடும். 50 மீட்டர் ஆரத்தை 72 ஆக்கினால் 80 கி.மீ. 95ஐத் தாண்டும். பைசா செலவில்லாமல் கிடைக்கும் இவ்வேகத்தை வாங்க, ஷோரூமில் வழியில்லை.

பயிற்றுநர் ஒருவர் பக்கத்தில் அமர்ந்து, "பிரேக்கை நேராப் போகும்போதே போட்டுடுங்க சார். கண்ணு வளைவுக்கு அந்தாண்ட போகட்டும். பாதியில பயந்து காலை எடுத்துடாதீங்க" என்பார். கடைசி வாக்கியம் பின்னால் என்ஜின் உள்ள வண்டிக்கு உயிர்நாடி. வளைவின் நடுவே ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் எடை முன்னால் சாயும், பின்சக்கரம் லேசாகும், கனமான பின்பக்கம் முன்பக்கத்தை முந்தப் பார்க்கும். உரிமையாளர் காலை எடுக்கிறார். நன்றாக ஸ்கூட்டர் ஓட்டும் எவரும் அதைத்தான் செய்வார். ஆபத்தில் உடம்பு தானாகச் செய்வது இங்கே தவறாகிவிடுகிறது. கோடி ரூபாய்க் காருக்கு உடம்பைப் பழக்குவது, காரை வாங்குவதைவிட நாட்பட்ட வேலை.

இயல் 4: அடுத்தவர் சாக்கு

ட்ராக் டேயில் முந்துவதற்கு மரபு உண்டு. நேர்பாதையில் மட்டும் முந்தலாம். அதுவும் முன்னால் செல்பவர் கையை நீட்டி, இந்தப் பக்கமாகப் போ என்று காட்டிய பிறகே. மஞ்சள் கொடி காட்டினால் முந்தவே கூடாது. சிவப்பென்றால் நிதானமாகப் பிட்டுக்குத் திரும்ப வேண்டும். நீலமென்றால், பின்னால் வேகமானவர் வருகிறார், வழி விடுக.

இந்த நீலக் கொடிதான் ஆய்வின் மையச் சிக்கல். நேர்பாதையில் 911 பாய்ந்து போய்விடும். எஸ்டீம் கண்ணாடியில் புள்ளியாகும். 911 எச்சரிக்கையாக வெகு முன்னதாகவே பிரேக் போடும். புள்ளி வளர்ந்து பம்பருக்குப் பின்னால் நிற்கும். வளைவு முழுக்க நிற்கும். மீண்டும் நேர்பாதை, மீண்டும் புள்ளி. வேகமானவர் யார் என்ற கேள்விக்கு உரிமையாளர் நேர்பாதையில் விடை காண்கிறார். கொடி காட்டும் மார்ஷல் வளைவில் காண்கிறார். "நீலக் கொடியா? நான் ஏதோ ஸ்பான்சர் கொடின்னு நினைச்சேன்" என்ற கூற்று இவ்வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. வழிவிட்டு முந்தப்பட்டவர் பின்னர் டீக்கடையில், "சின்னப் பையன், ஆசைப்படுறான், விட்டேன்" என்று கூறுவது இதன் கிளை வடிவம். சின்னப் பையனுக்குத் தலை நரைத்திருந்ததைக் களப்பணியில் நேரில் காண முடிந்தது.

ஆய்வு முடிவுகள்

எடுத்துக்கொண்ட கருதுகோள் பொய்த்தது. இதை ஆய்வாளர் எதிர்பார்க்கவில்லை.

முதலாவதாக, திரட்டப்பட்ட சாக்குகளில் இயற்பியலுக்கு மாறானது அநேகமாக ஒன்றும் இல்லை. டயர் ஊதியது உண்மை, ஆயில் கொதித்தது உண்மை, லைன் தப்பியது உண்மை. பொய் சொல்லித் தப்பிக்கும் பிற துறைச் சாக்குகளோடு இவற்றைச் சேர்த்து எண்ணுதல் தகாது.

இரண்டாவதாக, எஸ்டீம்காரர் சாக்கே சொல்வதில்லை என்ற பொதுக் கருத்தும் பிழை. அவரும் அதே வாக்கியங்களைத்தான் சொல்கிறார். காலை ஆறரை மணிக்கு, தடம் திறக்கும் முன்பே, முழங்காலிட்டு டயரை அளந்தபடி, "இன்னிக்கு டயர் ஊதும்ணே. பிரேக் ஆயில் மாத்தியாச்சு, இருந்தாலும் கடைசி லேப் ஆத்திட்டு வரணும்" என்று முணுமுணுக்கிறார். சொல் ஒன்றே, பொருள் ஒன்றே. காலம் மட்டும் வேறு. எதிர்காலத்தில் சொன்னால் ஆயத்தம்; இறந்தகாலத்தில் சொன்னால் சாக்கு. குதிரைத்திறனுக்கு இதில் பங்கில்லை.

மூன்றாவதாக, திறன்மிக்க காரின் உண்மைப் பயன் இங்கே புலனாகிறது. 85 குதிரைத்திறன் ஓட்டுநருக்கு ஆயில் கொதிப்பதைக் கற்றுக்கொடுக்கப் பல ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும். 510 அதைக் காலை உணவுக்கு முன்பே கற்றுக்கொடுத்துவிடும். விலை அதிகம், பாடம் விரைவு. இந்த முறை சாக்கு சொன்னவர் அடுத்த முறை அதே வாக்கியத்தைக் காலையில் சொன்னால், கட்டிய கட்டணம் செரித்தது எனக் கொள்ளலாம். மூன்று முறை வந்தும் மாலையிலேயே சொல்பவர், காரை விற்கலாம்; எஸ்டீம்காரர் நிச்சயம் வாங்க மாட்டார்.

மேலாய்வுக் களங்கள்

இவ்வாய்வைத் தொடர விரும்புவோர் கீழ்வருவனவற்றை எடுத்துக்கொள்ளலாம். 'வேகத்தடையும் தாழ்ந்த மூக்கும்: தடத்திலிருந்து வீடு திரும்பும் வழியில் குறுக்காக ஏறும் கலை.' 'சுங்கச்சாவடியில் செல்ஃபி கேட்போரிடம் லேப் நேரத்தை மறைத்தல்.' வழக்கமான வாகனக் காப்பீட்டில் பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் இடமில்லை என்பதால், 'மண்ணில் இறங்கிய வண்டியும் காப்பீட்டுப் படிவமும்: விபத்து நடந்த இடம் என்ற கட்டத்தை நிரப்புவதில் எழும் உரைநடைச் சிக்கல்கள்' என்ற தலைப்பு முனைவர் பட்டத்துக்கே உரியது. அத்தலைப்புக்குத் தரவு தர இதுவரை எவரும் முன்வரவில்லை.