அஸ்தமன மேற்பார்வையாளர்

எர்ணாகுளத்து மரைன் டிரைவ் நடைபாதையில், மார்கழி மாதத்து மாலை நாலரை மணிக்கு வந்து நிற்பவர் யாராயினும், உல்லாசப் படகுக்குக் காத்திருக்கும் கூட்டத்தினிடையே நான் கூறப்போகும் மனிதரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய சிரமம் அவருக்கு இராது. ஏனெனில் அந்தக் கூட்டம் முழுவதிலும் வேலை செய்துகொண்டிருக்கும் ஒரே ஜீவன் அவராகத்தான் இருப்பார். மற்றவர்கள் கடலை கொறிப்பார்கள். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து காயலைப் பார்ப்பார்கள். அதுவும் செய்யாமல் சும்மா இருப்பார்கள். அவரோ டிக்கெட்டுகளை எண்ணுவார். குடும்பத்துத் தலைகளை எண்ணுவார். இரண்டும் ஒத்துவருகின்றனவா என்று மறுபடியும் எண்ணுவார். சட்டைப்பையில் பேனா, கையில் மஞ்சள் பை, மணிக்கட்டில் மூன்று நிமிஷம் முன்னதாகவே ஓடும்படி திருப்பி வைக்கப்பட்ட கடிகாரம் ஆகிய லட்சணங்களோடு, முகத்தில் ஒரு கவலையும் இருக்கும். இந்தச் சூரியாஸ்தமனம் ஒழுங்காக நடந்து முடிய வேண்டுமே என்பதுதான் அந்தக் கவலை.

குருவாயூரப்பனைத் தரிசித்துவிட்டு, வந்ததோடு வந்தோம் கொச்சியையும் பார்த்துவிடுவோம் என்று இறங்கும் தமிழ்க் குடும்பங்களோடு இவர் வருவார். சர்க்கார் உத்தியோகத்தில் முப்பது சொச்சம் வருஷம் இருந்து, பென்ஷன் வாங்க ஆரம்பித்த பிறகும், உலகத்துக் காரியங்கள் தம் கையொப்பமின்றி நடந்தேறுகின்றன என்பதை இவரால் நம்ப முடிவதில்லை. சூரியன் இறங்குவதும் இவருக்கு ஒரு நிகழ்ச்சி நிரலின் அம்சமே. அதை நடத்துவதற்கென்று எங்கேயோ ஓர் இலாகா இருக்கிறது. அந்த இலாகாவின் சிப்பந்திகள் சோம்பேறிகள். நாம் நேரில் போய் நின்றாலன்றி வேலை அரைகுறையாகத்தான் நடக்கும் என்பது இவருடைய சித்தாந்தம். கல்யாண வீட்டில் பந்திக்குப் பந்தி போய் நின்று, அப்பளம் எல்லா இலையிலும் விழுந்ததா என்று பார்க்கிற பிள்ளை வீட்டுச் சம்பந்தியைப் போல, அரபிக்கடலின் விளிம்பை இவர் உற்றுப் பார்க்கும் பார்வையில், உபசாரத்தில் குறை கண்டுபிடித்தே தீருவது என்ற சங்கற்பம் தெரியும்.

சென்ற விடுமுறையில் அடுத்த ஆசனத்தில் அமர்ந்து பார்க்கும் பாக்கியம் எனக்கு வாய்த்த ஒரு பெரியவரை இந்த ஜாதிக்குப் பூரண லட்சணம் பொருந்திய மாதிரியாகக் கூறலாம். அவருடைய மஞ்சள் பையிலே முறுக்குப் பொட்டலத்துக்கும் ஃபிளாஸ்குக்கும் இடையில், சென்னையில் அச்சான பாக்கெட் பஞ்சாங்கம் ஒன்று இருந்தது. அதில் அன்றைய அஸ்தமனம் 5 மணி 48 நிமிஷம் என்று கண்டிருந்தது. ஐந்து மணிக்கு ஒரு படகும் ஐந்தரைக்கு ஒரு படகும் இருக்கின்றன என்று தெரிந்ததும், அவர் யோசிக்கவே இல்லை.

"ஐந்தரை போட்ல போனா, நடுக்கடலுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போயிடும். எதுக்கும் அரை மணி முன்னாடி போய் உட்கார்ந்துடணும்" என்றார்.

மாப்பிள்ளை தம் கைப்பேசியைப் பார்த்துவிட்டு, "மாமா, இதுல ஆறு பத்துன்னு காட்டுதே" என்று மெல்லச் சொன்னார். மாமனாரிடம் மாப்பிள்ளை எவ்வளவு மெல்லச் சொல்ல வேண்டுமோ அவ்வளவு மெல்லத்தான் சொன்னார்.

"அது வெளிநாட்டான் கணக்கு, மாப்பிள்ளை. இது நம்ம பஞ்சாங்கம்."

பஞ்சாங்கத்தின் மேல் பிழை ஏதுமில்லை. சென்னைக்குக் கணித்த பஞ்சாங்கம் சென்னைக்குச் சரியாகவே இருந்தது. கொச்சியோ சென்னைக்கு மேற்கே ஏறக்குறைய நாலு பாகை தள்ளிக் கிடக்கிறது. பாகைக்கு நாலு நிமிஷம் வீதம் அங்கே பொழுது பின்தங்குகிறது. போதாக்குறைக்கு, தெற்கே போகப் போக மார்கழிப் பகல் சற்று நீள்கிறது. ஆக, சென்னையில் விளக்கேற்றி இருபது நிமிஷம் ஆன பிறகே கொச்சியில் சூரியன் விடைபெறுகிறான். இதைச் சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. ஆனால் அஸ்தமன மேற்பார்வையாளர்களுக்குத் தகவல் சொன்னவர்கள் சுகப்பட்டதாகச் சரித்திரமில்லை என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

படகில் ஏறியதும் ஆசன விவகாரம் ஆரம்பமாயிற்று. மற்றவர்கள் காலியாக இருந்த இடத்தில் உட்கார்ந்தார்கள். பெரியவர் பேரனின் கைப்பேசியில் திசைகாட்டியைத் திறக்கச் சொல்லி, மேற்கு எதுவென்று தீர விசாரித்து, நேர் மேற்கைப் பார்த்த ஆறு நாற்காலிகளில் துண்டு, குடை, மஞ்சள் பை, செருப்பு ஆகியவற்றைப் பரப்பி இடம் பிடித்தார். மார்கழிச் சூரியன் நேர் மேற்கில் இறங்குவதில்லை; அந்த நாட்களில் ஏறக்குறைய 24 பாகை தெற்கே ஒதுங்கிக்கொள்கிறான்; அதற்கும் மேலாக, படகு என்பது திரும்பக் கூடிய ஒரு வாகனம். படகு ஜெட்டியைவிட்டு விலகித் திரும்பிய மாத்திரத்தில் அந்த ஆறு நாற்காலிகளும் ஹைகோர்ட் பக்கத்துக் கட்டடங்களைப் பார்த்து நின்றன. உடனே இடப்பெயர்ச்சி, மறுபடி துண்டு, குடை, செருப்பு. படகு இன்னொரு முறை திரும்பியது. குடும்பம் மொத்தமும் எழுந்து எதிர்ப்பக்கம் ஓட, படகுச் சிப்பந்தி ஓடிவந்து, "சாரே, எல்லாரும் ஒரு சைடில் கூடி நிக்கல்லே, இரிக்கூ, இரிக்கூ!" என்று கெஞ்சினான். அம்மாள் மட்டும் முதலில் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. "நீங்க பாத்துட்டு வந்து சொல்லுங்க, எனக்கு முட்டி வலிக்குது" என்று சொல்லிவிட்டு முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தார். நாற்பது வருஷ தாம்பத்தியத்தில் அந்த அம்மாள் எத்தனை அஸ்தமனங்களை இந்த விதமாகக் கடந்தாரோ!

இதற்குள் ஒலிபெருக்கியில் ஒருவர் ஊர்ப் பெருமை சொல்ல ஆரம்பித்திருந்தார். வலப்புறத்தில் போல்காட்டித் தீவு. 1744இல் டச்சுக்காரர் கட்டிய மாளிகை, பின்னர் வெள்ளைக்கார ரெஸிடெண்டுகள் வாசம் செய்தது, இப்போது ஓட்டல். அதைத் தாண்டி வல்லார்பாடத்துச் சரக்குப் பெட்டித் துறைமுகத்தின் ராட்சசப் பளுதூக்கிகள். இடப்புறத்தில் வில்லிங்டன் தீவு. இந்தத் தீவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் கடந்து போவது எனக்குச் சம்மதமில்லை. 1341ஆம் ஆண்டில் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் பழைய முசிறித் துறைமுகத்தைத் தூர்த்து, கொச்சியின் வாயைத் திறந்துவிட்டது என்பது பரம்பரையாக வரும் செய்தி. ஆனால் திறந்த வாயின் குறுக்கே கெட்டிப்பட்ட மணல்திட்டு ஒன்று கிடந்தபடியால், பெரிய கப்பல்கள் வெளிக்கடலிலேயே நங்கூரமிட்டு நிற்க வேண்டியிருந்தது. அப்போது சென்னை கவர்னராயிருந்த வில்லிங்டன் பிரபுவின் காலத்தில், 1920இல் இங்கே வந்து சேர்ந்த ராபர்ட் பிரிஸ்டோ என்ற எஞ்சினியர், அந்தத் திட்டை வெட்டிக் கால்வாய் தோண்டினார். தோண்டிய மண்ணைக் கொட்டியே ஏறக்குறைய 780 ஏக்கர் பரப்பில் ஒரு தீவை எழுப்பினார். 1928இல் 'பத்மா' என்ற கப்பல் முதன்முதலாக உள்துறைமுகத்துக்குள் வந்தது. ஒரு மனிதர் தம் ஆயுளின் நல்ல பாகத்தைச் சேற்றுக்குக் கொடுத்து உண்டாக்கிய பூமி அது. ரெயில் நிலையமும் ஓட்டலும் கடற்படையும் அதன் மேல் நிற்கின்றன.

பெரியவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "இதெல்லாம் போற வழி. நாம வந்தது எதுக்கு? அதைப் பாரு" என்று பேரனின் முகத்தைப் பிடித்து மேற்கே திருப்பினார். அவருக்குச் சாப்பாட்டில் பாயசம்தான் டிக்கெட்டுக்கு உரியது. மற்றவையெல்லாம் ஓட்டல்காரன் தன் சந்தோஷத்துக்குப் போட்டது. ஃபோர்ட் கொச்சிப் பக்கம் வந்தபோது, கரையோரமாகச் சீனவலைகள் வரிசையாக நின்றன. அவற்றைச் சீனர் கொண்டு வந்தார்கள் என்று ஒரு கட்சி. மக்காவோவிலிருந்து போர்த்துக்கீசியர் கொண்டு வந்தார்கள் என்று மற்றொரு கட்சி. எவர் கொண்டு வந்தாலும், பின்புறத்தில் தொங்கும் பாறாங்கற்களின் பாரத்தை நம்பி நாலைந்து பேர் கயிற்றை இழுக்க, அவ்வளவு பெரிய வலை நீர் சொட்டச் சொட்ட எழும்பும் காட்சி படகில் எல்லோரையும் எழுந்து நிற்கச் செய்தது. அதில் விழுந்திருந்த மீன்கள் சொற்பம். அந்தக் கரைக்குச் சற்று உள்ளே, 1524இல் இவ்வூரில் உயிர்நீத்த வாஸ்கோ ட காமாவை அடக்கம் செய்திருந்த பிரான்சிஸ் தேவாலயம் இருக்கிறது. அவருடைய எலும்புகளைப் பின்னர் போர்ச்சுகலுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். மேற்பார்வையாளர் மணி பார்த்தார். 5 மணி 35.

எங்கள் படகுக்கும் வலைகளுக்கும் நடுவே வைப்பீனுக்குப் போகும் படகொன்று, வேலை முடிந்து வீடு திரும்பும் ஜனங்களோடு குறுக்கே சென்றது. அதில் ஒரு பெண்மணி ஜன்னலோரத்தில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். சூரியனின் செவ்வொளி முழுவதும் அவர் முகத்தில்தான் விழுந்தது. அவர் கொடுத்த கட்டணம் சில ரூபாய்கள். நாங்கள் கொடுத்ததைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அழிமுகம் என்று அவ்வூரார் சொல்லும் முகத்துவாரத்தில் படகு வேகம் குறைந்து நின்றபோது மணி 5-40. மேல்தளத்தில் பாட்டுப் பெட்டியைப் பெரிதாக வைத்துவிட்டார்கள். கல்லூரிப் பையன்கள் ஆடினார்கள். புதிதாய் மணமான தம்பதி ஒன்று சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொண்டது. பெரியவர் இரண்டு கைகளையும் கம்பியில் ஊன்றி, வாய் பேசாமல் நின்றார். 5-45 ஆயிற்று. 5-48 ஆயிற்று. சூரியன் கடல் விளிம்புக்கு மேலே இரண்டு மூன்று சாண் உயரத்தில், எவ்விதக் கலவரமும் இன்றி, தகதகவென்று நின்றுகொண்டிருந்தான்.

"என்னது இது!" என்றார் பெரியவர். கடிகாரத்தைக் காதருகே வைத்துப் பார்த்தார். பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தார். தேதி சரி, கிழமை சரி. நேரே படகோட்டியான ஸ்ராங்கிடம் போனார்.

"ஏம்பா, லேட்டாகுதே?"

ஸ்ராங்கு ஒரு நிமிஷம் அவரையும் சூரியனையும் மாறி மாறிப் பார்த்தான். படகைக் கேட்கிறாரா சூரியனைக் கேட்கிறாரா என்பது அவனுக்கு விளங்கவில்லை. "லேட் இல்லா சாரே, கரெக்ட் டைம்" என்று இரண்டுக்கும் பொருந்தும்படியாகச் சொல்லிவிட்டுச் சக்கரத்தைத் திருப்பினான். ஒரு மணி நேரப் பிரயாணம். ஆறு மணிக்கு ஜெட்டியில் இருந்தாக வேண்டும். ஐந்தரைப் படகு அதோ எங்களைத் தாண்டி முகத்துவாரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அதில் இருந்தவர்கள் எங்களைப் பார்த்துக் கையசைத்தார்கள். பெரியவர் அசைக்கவில்லை.

திரும்பும் வழியில் அவர் பேசியதெல்லாம் நிர்வாகச் சீர்கேட்டைப் பற்றியே. மற்றவர்கள் அந்தக் கால் மணியில்தான் வாஸ்தவமாக இளைப்பாறினார்கள் என்று தோன்றுகிறது. பாட்டை நிறுத்திவிட்டார்கள். காற்று குளிர்ந்திருந்தது. மாப்பிள்ளை, மாமனாரின் மேற்பார்வை வேறு திக்கில் திரும்பியிருந்த தைரியத்தில், கால் நீட்டி உட்கார்ந்து கண்ணயர்ந்தார்.

கரையில் இறங்கியதும் பெரியவர் குடும்பத்தை நடைபாதையில் நிறுத்திவிட்டு டிக்கெட் கொடுக்கும் ஜன்னலுக்குப் போனார். நானும் வேடிக்கை பார்க்கும் ஆசையை அடக்க முடியாமல் பின்னாலேயே போய் நின்றேன். ஜன்னலில் இருந்த பையனிடம், சூரியாஸ்தமனத்துக்கென்று வசூலித்த தொகையில் படகுக்குரிய பாகத்தைக் கழித்துக்கொண்டு, சூரியனுக்குரிய பாகத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று அவர் விளக்கத் தொடங்கினார். பையனுக்குத் தமிழ் சுமாராகத் தெரியும். ஆனால் இந்தக் கணக்கு அவனுக்கு எந்த பாஷையிலும் புரியக்கூடியதாக இல்லை. வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

மணி அப்போது ஆறு ஐந்தைத் தாண்டியிருந்தது. காயலுக்கு மறுகரையில் தென்னைகளுக்கு மேலே சூரியன் பெருத்துச் சிவந்து இறங்கத் தொடங்கியிருந்தான். நடைபாதையில் கடலை விற்கிறவன், பலூன்காரன், பள்ளிப் பிள்ளைகள், படகேறக் காசில்லாதவர்கள், படகேற மனமில்லாதவர்கள் எல்லோரும் கைப்பிடிச் சுவரோரம் கூடிவிட்டார்கள். அம்மாளும் மகளும்கூட அங்கேதான் நின்றார்கள்.

"என்னங்க, இங்க வந்து பாருங்களேன், எவ்வளவு நல்லா இருக்கு!"

"இரு, முக்கியமான வேலையா இருக்கேன்" என்றார் பெரியவர், திரும்பாமலே.

சூரியன் மரங்களைத் தொட்டான். இந்தப் பிரதேசங்களில் தொட்ட பிறகு முழுவதும் மறைய இரண்டரை நிமிஷம்கூட ஆவதில்லை. கல்லூரியில் பௌதிகம் படிக்கும் பேரன் தாத்தாவிடம் ஓடிவந்தான். பெரியவரை அங்கிருந்து கிளப்ப அவனுக்குத் தெரிந்த ஒரே உபாயம் தன் பாடப் புத்தகம்தான்.

"தாத்தா, சீக்கிரம் வாங்க! கடல் விளிம்பைத் தொடற மாதிரி தெரியறப்பவே சூரியன் நிஜத்துல கீழ இறங்கிடுச்சு, தெரியுமா? காத்து வெளிச்சத்தை வளைக்கிறதாலதான் நமக்கு இன்னும் மேல இருக்கிற மாதிரி தெரியுது."

பெரியவர் அப்போதுதான் ஜன்னலை விட்டு நிமிர்ந்தார்.

"என்ன சொன்னே? ஏற்கெனவே இறங்கிடுச்சா?"

"ஆமா தாத்தா, அது ரெண்டு மூணு நிமிஷம் மு..."

மீதியை அவர் கேட்கவில்லை. பையிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்து அன்றைய பக்கத்தைப் பிரித்து, ஜன்னல் கம்பிகளுக்குள்ளே கையை நீட்டி அந்தப் பையனின் மூக்குக்கு நேரே பிடித்தார்.

"கேட்டுக்கிட்டியாப்பா? அஞ்சு நாப்பத்தெட்டுக்கே இறங்கியாச்சு! காலேஜ் பையனே சொல்றான். இப்ப அங்க தெரியறது வெறும் தோற்றம். அதுக்கா நீங்க காசு வாங்குறீங்க? கூப்பிடு உன் மேனேஜரை!"