பள்ளிக்கூடத்துக்குக் கட் அடிக்கும் தகுதி

பள்ளிக்கூடமே சமூகத்துக்கு வேண்டாம் என்று இவான் இல்லிச் 1971இல் புத்தகம் எழுதினார். அதை நம்பிப் பிள்ளைகளோடு கற்பிட்டிக் கடலுக்குக் காற்றாடிச் சறுக்கு விளையாட வரும் வெள்ளைக்காரர் புரட்சிக்காரர். நுரைச்சோலையில் வாப்பாவோடு சின்ன வெங்காயம் பிடுங்கி, தாளை முறுக்கிப் பிடி கட்டும் பையனோ வரவு இடாப்பில் ஒரு சிவப்புக் கோடு. "5 முதல் 16 வயது வரை கட்டாயக் கல்வி, தெரியாதா?" என்று வாப்பாவுக்குத்தான் ஏச்சு.

சரி, பையன் பள்ளிக்குப் போகிறான். அனல்மின் நிலையம் இயங்கும் விதத்தைப் படம் பார்த்து மனனம் செய்கிறான். 900 மெகாவாட் நிலையம் பக்கத்திலேயே நிற்கிறது. அதன் கரித்தூளைப் பற்றிக் கேட்டால், "பரீட்சைக்கு வராது" என்பதே பதில். கல்வியைக் கேள்வி கேட்கவும் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வேண்டும் போலும்!