பத்திரமாச் சுமந்துட்டு வா, கண்ணு

வண்டி வாங்கிட்டியாமா, கண்ணு. கட்டிலு, அடுப்பு, பிரிட்ஜு, டிவி எல்லாம் உள்ளயே இருக்கற முப்பதடி வண்டி. உன்ற அம்மா போட்டோவை ஊருக்கே காட்டியாச்சு. சமையக்கட்டைக் காட்டியிருக்கறே, சோபாவைக் காட்டியிருக்கறே, உன்ற பொண்டாட்டி சன்னலோரம் காப்பி குடிக்கறதைக் காட்டியிருக்கறே. வண்டிக்கு அடியில தொங்கறதுக்கு மட்டும் ஒரு போட்டோ இல்லை. அதைப் பத்தித்தான் அப்பிச்சி பேசப் போறேன், போனை வெச்சுடாதே.

எங்க காலத்துல விடியால சொம்பைத் தூக்கிட்டுப் பள்ளத்துப் பக்கம் போனா சோலி முடிஞ்சுது. அது நல்ல பழக்கம்னு சொல்ல வர்லே. ஆனா போட்டதை யாரும் சுமந்துட்டுத் திரியலே. நீ படிச்சு, அமெரிக்கா போயி, கடனை ஒடனை வாங்கி, இப்ப அதையும் கூடவே ஏத்திக்கிட்டு டெக்சாசுல இருந்து கொலராடோ வரைக்கும் சுத்திக் காட்டப் போறே. கொடுத்து வெச்ச பீ.

இதெல்லாம் அப்பிச்சிக்கு எப்படித் தெரியும்னு கேக்காதே. போன தடவை உன்ற மாமன்கூட அப்படியொரு வண்டியில போனப்ப, இந்த வண்டிகளை நிறுத்தித் தங்கற பார்க்குல நாற்காலியைப் போட்டு உக்காந்துட்டு வெள்ளைக்காரங்க ஒவ்வொருத்தரா குழாயோட மல்லுக்கட்டறதைத்தான் பொழுதோட வரைக்கும் பாத்துட்டு இருந்தேன். சீரியலெல்லாம் அதுக்குக் கிட்ட நிக்காது.

தொட்டி மூணு. நல்ல தண்ணிக்கு ஒண்ணு. குளிச்ச தண்ணி, பாத்திரம் கழுவுன தண்ணி போறது கிரே டேங்க். மத்தது பிளாக் டேங்க், அது பெரும்பாலும் 110-லிருந்து 150 லிட்டர் புடிக்கும். நீ இஞ்சினியரு, ஒரு ரோசனை வரும்: பார்க்குல சாக்கடைக் குழாயை மாட்டிப் பிளாக் டேங்க் வால்வைத் தொறந்தே விட்டுட்டா, விழ விழப் போயிட்டே இருக்குமேன்னு. அருமையான ரோசனை. தண்ணி மட்டும் ஓடிப் போகும். மத்தது உக்காந்த எடத்துலயே உக்காந்து, மேல மேல ஏறி, காஞ்சு கெட்டியாகி நிக்கும். அங்க அதுக்குப் பிரமிடுன்னே பேரு வெச்சிருக்காங்க. எகிப்துல பிரமிடு பாக்க டிக்கெட்டு எடுக்கோணும். உனக்கு எலவசம்.

வால்வை மூடி வை, சாமி. காலி பண்ணுன கையோட பத்துப் பதினஞ்சு லிட்டர் தண்ணியை உள்ள ஊத்து. பொறவு ஒவ்வொரு தடவையும் தாராளமா ஊத்து. தொட்டி மூணுல ரெண்டு பங்கு நெறையற வரைக்கும் பொறுத்திரு. அப்பத் தொறந்தா தண்ணி போற வேகத்துல மத்ததும் கெளம்பிரும். ஆட்டி முடிச்ச ஆட்டாங்கல்லைக் கழுவாமப் போட்டா மாவு என்ன ஆகும்னு உன்ற அம்மாயியைக் கேளு. ஒனக்கு அவசரம் ஆகாது. நெம்பச் சுத்தம் பாத்து அப்பப்பத் தொறந்து விடறவனுக்குத்தான் அது போவேனான்னு அடம் புடிக்கும்.

அங்கத்தவங்களுக்குக் காயிதம்தான் எதிரி. நீ சொம்புக்காரன், தண்ணி ஊத்திக் கழுவறவன். அதனால தொட்டி சீக்கிரம் நெறையும், ஆனா உள்ள இருக்கறது நல்லாக் கரையும். நம்ம பழக்கம் இந்த ஒரு எடத்துல செயிக்குது, விட்டுறாதே. ஈரத் துணியாட்டம் விக்கறானே, பொட்டியில 'பிளஷ் பண்ணலாம்'னு எழுதியிருந்தாலும் அதை உள்ள போடாதே. காயிதம் வாங்குனா ஒரு சீசாவுல தண்ணியோட போட்டுக் குலுக்கிப் பாரு. கரையலேன்னா வேண்டாம். தொட்டிச் சுவத்துல காயிதம் ஒட்டிக்கிச்சுன்னா, காலி பண்ணுன பொறவும் மீட்டரு 'புல்லு'ன்னே காட்டிட்டு இருக்கும்.

மணத்துக்கு நீல மருந்து விக்கறாங்க. அதுல பார்மால்டிஹைடு கலந்தது இருந்தா வாங்காதே. நீ கொண்டுபோய்க் கொட்டற எடத்துல செப்டிக் டேங்க் பாக்டீரியாவையும் அது கொன்னுபோடும். அப்பறம், கூரை பேன் ஓடறப்ப பிளஷ் மிதிக்காதே. தொட்டியில இருக்கற காத்தெல்லாம் படுக்கையறை வரைக்கும் வந்து குசலம் விசாரிக்கும்.

பிளாக் டேங்குதான் நாறும்னு நெனச்சுட்டு இருக்கறியாக்கு? சாம்பார் வட்டலைக் கழுவி ஊத்துற கிரே டேங்கைத் தொறந்து பாரு. சோத்துப் பருக்கை, தாளிச்ச எண்ணெய், கறிவேப்பிலை எல்லாம் சேந்து ஊறுனா, பிளாக் டேங்கு சந்தனம். கழுவறதுக்கு முன்னால வட்டலைக் காயிதத்துல தொடச்சுக் குப்பையில போடு. உன்ற பொண்டாட்டிகிட்டச் சொல்லாதே, நீயே தொடை.

கொட்டற எடம் வர்ற வரைக்கும் பொறுமை வேணும். 2004 ஆகஸ்டு 8-ம் தேதி சிகாகோவுல, டேவ் மேத்யூஸ் பேண்டுன்னு ஒரு பாட்டுக் கோஷ்டி, அவங்க பஸ்ஸு டிரைவர் பொறுக்காமக் கின்சி தெருப் பாலத்து மேல தொட்டியைத் தொறந்து விட்டுட்டான். பாலத்துத் தளம் இரும்பு வலை. கீழ ஆறு. ஆத்துல, ஊர்க் கட்டடங்களைச் சுத்திக் காட்டற படகு. கட்டடம் பாக்க வந்தவங்க அண்ணாந்துதானே பாத்திருப்பாங்க? எறங்குனது சுமார் 360 கிலோ. டிரைவர் குத்தத்தை ஒத்துக்கிட்டு 10,000 டாலர் கட்டுனான். கோஷ்டி 2005-ல 2,00,000 டாலர் குடுத்து வழக்கைத் தீத்துக்கிச்சு. அவ்வளவு வெலை போன சரக்கு வேற யாருகிட்ட இருந்துச்சு சொல்லு.

ஊருக்குள்ள செப்டிக் டேங்க் லாரி வந்தா மூக்கைப் பொத்திட்டு மச்சுக்கு ஓடுனவன் நீ. தொட்டிக்குள்ள பாதுகாப்பில்லாம ஆளை எறக்கக் கூடாதுன்னு 2013-ல சட்டம் வந்த பொறவும், எவனையோ உள்ள எறக்கிவிட்டுட்டுக் கரையில நிக்கற ஊரு நம்முளுது. அங்க டாக்டரா இருந்தாலும் சொந்தக் கையில உறையை மாட்டிட்டு அவனவன் தொட்டியை அவனவனே காலி பண்றான். ஒசந்த கட்டடமெல்லாம் பாத்தப்ப வராத மதிப்பு, அமெரிக்கா மேல எனக்கு அப்பத்தான் வந்துச்சு.

உன்ற முறை வர்றப்ப, வால்வு ரெண்டும் மூடியிருக்கான்னு பாத்துட்டு மூடியைக் கழட்டு. நேரா நிக்காதே, சித்த ஒதுங்கி நில்லு. மொதல்ல பிளாக், அது தீந்த பொறவு கிரே. சோப்புத் தண்ணி போறப்பக் குழாயும் அலசிக்கும். மாத்திச் செஞ்சா குழாயை நீதான் அலசோணும். குடிக்கற தண்ணி புடிக்கற ஓஸ் பைப்பை இந்தப் பக்கமே கொண்டு வராதே.

வர்ற மே மாசம் நானும் அம்மாயியும் வாரோம். பார்க்குல சாக்கடை இணைப்பு இருக்கற எடமாப் பாத்துப் புடி, வாடகை சித்தச் சாஸ்தியானாலும் குடு. அம்மாயி தண்ணி வாத்துக்கப் போனா கிரே டேங்கு ஒரு நாளைக்குத் தாங்காது. கையுறை ஒரு சோடி போதும். நான் நாற்காலியில உக்காந்து சொல்லித் தர்றேன்.