முட்டையை ஒளிக்காதவர் கட்சி

முட்டையில் நனைத்துச் சுட்ட பிரெட் விஷயத்தில் நான் உப்பு, மிளகுக் கட்சி. கட்சி என்றால் எங்கள் வீட்டில் நான் ஒருவன்தான். தலைவர், பொருளாளர், தொண்டர், சுவரொட்டி ஒட்டுகிறவர் எல்லாம் நானே. எதிர்த்தரப்பில் மனைவி, மகள், மாமியார், லீவுக்கு வந்து போகும் மைத்துனன். அவர்களுக்கு அது பாம்பே டோஸ்ட். பாம்பே டோஸ்ட் என்றால் பால், முட்டை, சர்க்கரை, ஏலக்காய், நெய். அதில் வெங்காயம் நறுக்கிப் போடுகிறவனை, பாயசத்துக்குக் கடுகு தாளித்தவனைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்கள்.

சண்டை அடுப்படியில் தொடங்குவதில்லை, பேக்கரியிலேயே தொடங்கிவிடுகிறது. "ஸ்வீட் பிரெட்டா, சால்ட் பிரெட்டா?" என்று கடைக்காரர் கேட்பார். நான் சால்ட் என்பேன். வீட்டுக்கு வந்ததும் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏங்க, யாருக்குக் காய்ச்சல்?" என்பார் மனைவி.

கேள்வியில் நியாயம் இருக்கிறது. எங்கள் தலைமுறையில் பிரெட் தனியாக வீட்டுக்குள் வராது, காய்ச்சலோடுதான் வரும். டாக்டர் "பாலும் பிரெட்டும் குடுங்க" என்று சொன்ன பிறகே அப்பா சைக்கிளை எடுப்பார். பிரெட் தீர்வதற்குள் பெரும்பாலும் காய்ச்சல் தீர்ந்துவிடும். மிச்சமிருக்கும் காய்ந்த துண்டுகளை அம்மாமார்கள் முட்டையில் நனைத்துச் சர்க்கரை போட்டுச் சுட்டுத் தருவார்கள். பிழைத்து எழுந்ததற்கான பரிசு அது, ஆகவே அது இனிப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் மனைவியின் கட்சிக் கொள்கை.

நான் கேட்பது ஒன்றுதான். காய்ச்சல் விட்ட நாக்கு எதைக் கேட்கும்? மிளகு ரசத்தைக் கேட்கும், நார்த்தங்காய் ஊறுகாயைக் கேட்கும். கசந்து கிடக்கிற நாக்குக்குச் சர்க்கரையைக் கொடுத்துவிட்டுப் பரிசு என்று பெயர் வைத்தால், பெற்றுக்கொள்கிறவன் என்ன செய்வான்? சின்னப் பிள்ளை, வாயை மூடிக்கொண்டு சாப்பிடுவான்.

என் முக்கியமான குற்றச்சாட்டு வேறு. முட்டைக்கு ஒரு கவிச்சி உண்டு. அதை என்ன செய்வது என்பதில்தான் இரண்டு கட்சியும் பிரிகின்றன. சர்க்கரைக்காரர்கள் ஏலக்காய் போடுகிறார்கள். போதவில்லை என்றால் வெனிலா எசென்ஸ். வெளிநாட்டு வாசம் பட்டவர்கள் பட்டைத்தூள். எல்லாம் முட்டையைப் போட்டுவிட்டு, போடவே இல்லை என்று சாதிக்கிற ஏற்பாடு. நாங்கள் சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், கொத்தமல்லி, மிளகுத்தூள் போடுகிறோம். கவிச்சி அதிலும் அடங்கும், ஆனால் தட்டைப் பார்த்தாலே "முட்டைதான், இப்ப என்னங்கறே?" என்று அது நிமிர்ந்து சொல்லும்.

இதற்குச் சாட்சி என் மாமியாரே. வெள்ளிக்கிழமை முட்டையைக் கையால் தொடமாட்டார். ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை மாலை பேத்தியின் தட்டிலிருந்து பாம்பே டோஸ்ட்டை எடுத்து நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "அத்தை, இன்னைக்கு வெள்ளி" என்றேன். "அதுக்கென்ன மாப்ளே? இது பலகாரம்ல?" என்றார். ஏலக்காய் அதன் வேலையைச் செய்துவிட்டது.

"காரமா வேணும்னா பிரெட் ஆம்லெட் போட்டுத் தர்றேன். எதுக்கு பாம்பே டோஸ்ட்டைக் கெடுக்கறீங்க?" என்பார் மனைவி. இரண்டும் ஒன்றல்ல என்று பலமுறை சொல்லியாகிவிட்டது. பிரெட் ஆம்லெட்டில் முட்டை வெளியே, பிரெட் உள்ளே; கடைசிவரை இரண்டும் தனிக்குடித்தனம். நனைத்துச் சுடும்போது முட்டை பிரெட்டின் ஓட்டைகளுக்குள் இறங்கி அங்கேயே வேகிறது. ஓரம் மொறுமொறுப்பு, நடுவில் மெத்து. அதற்கு முந்தாநாள் பிரெட் வேண்டும். இன்றைக்குச் சுட்டது நனைத்ததுமே கையோடு பிய்ந்து வரும். பழசு ஈரம் குறைந்து விறைத்திருப்பதால், முட்டையைக் குடித்த பிறகும் நிற்கும்.

வேதியியலும் எங்கள் பக்கம்தான். வெள்ளைக்கரு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் இறுகத் தொடங்கும். உப்பு அதைச் சீக்கிரப்படுத்தும், சர்க்கரை தாமதப்படுத்தும். அதனால் சர்க்கரை டோஸ்ட்டில் உள்ளே முட்டை யோசித்துக்கொண்டிருக்கும்போதே வெளியே சர்க்கரை கருகிக் கல்லில் ஒட்டிவிடும். எங்கள் வீட்டில் முட்டைக்கென்று தனிக் கல் இருப்பதால் காலைத் தோசை தப்பித்தது. எங்கள் பக்கத்துக் குறையையும் சொல்லிவிடுகிறேன்: வெங்காயம் பிரெட்டில் ஒட்டாது. தூக்கும்போதே வழிந்து கல்லில் விழுந்து தனியாகத் தீயும். பொடியாக நறுக்கி, பிரெட்டைக் கல்லில் போட்ட பிறகு ஒரு கரண்டி மேலே பரப்பி அழுத்தினால் அடங்கும்.

வீட்டில் ஆதரவு இல்லாத கட்சி வெளிநாட்டு ஆதரவைத் தேடுவது வழக்கம். நானும் தேடினேன். ரோமாபுரியில் ஆரம்பித்தேன். அப்பீசியஸ் பெயரில் வழங்கும் பழைய சமையல் நூலில் ஒரு குறிப்பு இருக்கிறது: மேல்தோலை நீக்கிய வெள்ளை ரொட்டியைப் பெரிய துண்டுகளாகப் பிய்த்து, பாலில் ஊறவைத்து, எண்ணெயில் பொரித்து, மேலே தேன் ஊற்று. மிளகு இல்லாமல் ரோமானியன் கை கழுவவே மாட்டான் என்று நம்பியிருந்தேன். இந்தப் பக்கத்தில் மட்டும் தேன்.

ஸ்பெயினுக்குப் போனால் அங்கே புனித வாரத்தில் டொரீஹாஸ். பாலிலோ ஒயினிலோ ஊறவைத்து, முட்டையில் முக்கி, எண்ணெயில் பொரித்து, சர்க்கரையும் பட்டையும் தூவுகிறார்கள். போர்ச்சுகலில் கிறிஸ்துமஸுக்கு ரபனாதாஸ்; அதே கதை. பிரெஞ்சுக்காரர்கள் காய்ந்த ரொட்டியை வீணாக்கக் கூடாது என்று தொடங்கியவர்கள். சிக்கனம் நல்ல குணம், ஆனால் சர்க்கரையில் சிக்கனம் காட்டவில்லை. ஹாங்காங் டீக்கடைகளில் இரண்டு துண்டுக்கு நடுவே வேர்க்கடலை வெண்ணெய் தடவி, முட்டையில் தோய்த்து, எண்ணெயில் முழுக்கப் பொரித்து, மேலே வெண்ணெய்க் கட்டி வைத்து, கண்டென்ஸ்டு மில்க்கையும் ஊற்றுகிறார்கள். படித்தபோதே எனக்குப் பல் கூசியது.

அமெரிக்காவில் மேப்பிள் சிரப். 2003-ல் ஈராக் போரை பிரான்ஸ் எதிர்த்தது என்ற கோபத்தில், அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் உணவகங்களில் பிரெஞ்சு டோஸ்ட்டுக்கு 'சுதந்திர டோஸ்ட்' என்று பெயர் மாற்றினார்கள். ஒரு தேசத்தின் மேல் அவ்வளவு கோபம் இருந்தும் பெயர்தான் மாறியது, சிரப் மாறவில்லை.

காரணம் புரியாமல் இல்லை. காய்ந்த ரொட்டி ஏழை வீட்டுப் பொருள். அதைப் பண்டிகைக்குத் தட்டில் வைக்க வேண்டுமானால் இனிப்பாக்கித்தான் வைக்க வேண்டும். பசிக்குச் சாப்பிடுகிறவன்தான் உப்பைக் கேட்பான். பசிக்குச் சாப்பிட்டதை யாரும் சமையல் புத்தகத்தில் எழுதி வைப்பதில்லை. என் கட்சிக்கு வரலாறு இல்லாமல் போனதற்கு இதுதான் காரணம் என்று முடிவு செய்து மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அப்போதுதான் இங்கிலாந்தில் இருக்கும் தங்கை போனில் வந்தாள். "அண்ணே, இங்க நெறைய வீட்ல உப்புப் போட்டுத்தான் சாப்பிடறாங்க. பேக்கன் வெச்சு, பீன்ஸ் வெச்சு, கெச்சப் ஊத்தி. பிரவுன் சாஸ்னு ஒண்ணும் ஊத்திக்குவாங்க." "மத்த வீட்ல?" "சர்க்கரை, ஜாம், சிரப்னு போகும். இங்கயும் இதே சண்டைதான்." சண்டை நடக்கிறது என்பதே எனக்குப் பெரிய செய்தி. எங்கள் வீட்டில் அது வாக்கெடுப்போடு முடிந்துவிடுகிறது. வெள்ளைக்காரனை விரட்டிய நாட்டில் பிறந்தவனுக்குக் கடைசியில் அவன்தான் துணை.

அடுத்த முறை ஊருக்கு வந்தபோது எச்.பி. என்ற பெயரில் வரும் அந்தப் பிரவுன் சாஸ் ஒரு பாட்டில் கொண்டுவந்தாள். லேபிளில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் படம். அமெரிக்க நாடாளுமன்றம் அவர்கள் பக்கம் என்றால் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் என் பக்கம். என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று பொடி எழுத்தில் படித்தேன். புளி! நம்ம ஊர்ப் புளி! வீடு முழுக்கக் கேட்கும்படி வாசித்தேன்.

மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாட்டிலை வாங்கினார். "ஏங்க, எது அதிகமோ அதைத்தானே முதல்ல போடுவாங்க? உங்க புளி கடைசி ஆளு. அதுக்கு முன்னாடி நிக்கிறது யாருன்னு பாருங்க. கரும்புப் பாகு, சர்க்கரை, பேரீச்சம்பழம்." அதோடு விடவில்லை. மேசையிலிருந்த தக்காளி கெச்சப்பையும் எடுத்தார். கெச்சப்பில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு சர்க்கரைதான். "நாங்க முட்டையை ஒளிக்கிறோம்னு சொன்னீங்க. நீங்க சர்க்கரையை ஒளிக்கிறீங்க."

"உன் டோஸ்ட்டுல ஒரு சிட்டிகை உப்புப் போடுறியா, இல்லையா?" என்றேன்.

"அது ருசிக்கு."

"இதுவும் ருசிக்குத்தான்."

அன்றோடு பாட்டில்கள் அலமாரியின் பின்வரிசைக்குப் போய்விட்டன. இப்போது என் டோஸ்ட்டுக்குத் தொட்டுக்கொள்ள மாமியார் கையால் தக்காளித் தொக்கு. புளிப்பும் காரமும் கச்சிதமாக இருக்கும். தூக்கலான காரத்தை எதுவோ ஒன்று பின்னாலிருந்து பிடித்து நிறுத்துகிறது. இறக்கும்போது ஒரு துண்டு வெல்லம் போடுகிறாரா என்று நான் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமைப் பலகாரத்தில் என்ன இருக்கிறது என்று அவரும் கேட்பதில்லை.