பேர் வெக்கற பேராண்டிக்கு

தொட்டில்கூட இன்னும் கட்டல, அதுக்குள்ள போனைத் தடவி ‘சப்ரினா’ன்னு பேர் புடிச்சிட்டியாம். ஏரிக்கரை டீக்கடை வரைக்கும் சேதி வந்தாச்சு. அர்த்தம் கேட்டா ‘ஏதோ தேவதை, தாத்தா’ங்கற. ஏதோ தேவதையா? வாக்கப்பட்டு வர்றவளுக்கு ஊரு, உறவு எல்லாம் விசாரிச்ச பய, தேவதைன்னா மட்டும் விசாரிக்க மாட்டியா?

எஸ்டேட் பங்களாவுல தூசு தட்டப் போன நாள்ல புஸ்தகத்தையும் கொஞ்சம் தட்டிப் பார்த்தவன்டா நான். சப்ரினாங்கறது இங்கிலாந்து செவர்ன் ஆத்தோட பழைய பேரு. ராசா ஒளிச்சு வெச்சிருந்த பொம்பளைக்குப் பொறந்தது ஒரு பொண்ணு. கட்டின பொண்டாட்டி தாயையும் மகளையும் சேத்து ஆத்துல தள்ளிட்டா, அந்தப் புள்ள பேருதான் ஆத்துக்குன்னு 12ஆம் நூற்றாண்டுல ஜெஃப்ரின்னு ஒரு பாதிரி எழுதி வெச்சாரு. அவருக்கு ஆயிரம் வருசம் முந்தியே ரோமாக்காரன் டாசிட்டஸ் அதே பேர்ல அந்த ஆத்தை எழுதியாச்சு. ஆறு முந்தி, பேரு பிந்தி, கதை கடைசி பஸ்ஸு.

நம்மாளு மட்டும் யோக்கியனா? காவிரிக்கு ஒருத்தன் கவேர முனிவன் மகள்ங்கறான். ஒருத்தன் காக்கா கமண்டலத்தைக் கவுத்து விரிச்சதுங்கறான். சோலை விரிச்சுப் போறதால கா-விரிங்கறான் இன்னொருத்தன். மூணையும் கேட்டுக்க, எதுக்கும் சூடம் அடிக்காத.

நம்ம மலைமேல இருக்கற சேர்வராயன் கோயிலுக்குப் போனியே, செல்பி எடுத்தே, குகைக்குள்ள குனிஞ்சு பார்த்தியா? சேர்வராயன் பக்கத்துல ஒரு அம்மா இருக்கா பாரு, அவதான் காவேரியம்மன். மேட்டூர்ல ஓடறவளுக்கு 5,000 அடிக்கு மேல என்னடா வேலை? குகை வழி காவிரி வரைக்கும் போகுதுங்குது சனம். குகை போகுதோ இல்லியோ, தண்ணி போகுது. இந்த மலையில பெய்யற மழை திருமணிமுத்தாறா, சரபங்கா நதியா எறங்கி காவிரியிலதான் சேருது. வாணியாறு ஒண்ணுதான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு வடக்கே தென்பெண்ணைக்குப் போறா. வீட்டுக்கு ஒருத்தி அப்படி இருப்பா. மணிமுத்துன்னு பேரு வெச்ச ஆத்துல சேலத்துக்காரங்க சாக்கடையை விட்ட கதைய நீயே மூக்கால தெரிஞ்சுக்க, நான் சொல்லல.

சீமைக்காரனும் நம்ம கூட்டம்தான். பிரான்ஸ்ல மார்ன்னு ஒரு ஆறு. பழைய பேரு மாத்ரோனா. வெறும் ‘அம்மா’, அவ்வளவுதான். சேன் ஆறு பொறக்கற ஊத்துல சேக்குவானான்னு ஒருத்தி. வாத்து மூஞ்சிப் படகுல நிக்கறாப்பல அவளுக்கு வெண்கலச் சிலை இருக்கு. அந்த ஊத்துச் சேத்துல 1960கள்ல தோண்டினப்போ மரத்துல செதுக்கின கையி, காலு, தலைன்னு நூத்துக்கணக்குல கெடைச்சுது. எல்லாம் நோவு தீர நேந்துக்கிட்டுப் போட்டது. உங்க பாட்டி சமயபுரத்துல கண்மலர் வாங்கிப் போட்டாளே, அதே நேத்திக்கடன்தான்.

அயர்லாந்து பாய்ன் ஆத்துக்காரி போவண்ட். பேருக்கு அர்த்தம் வெள்ளைப் பசு. அதுல இருக்கற ‘போ’ நம்ம வடமொழி ‘கோ’வுக்குப் பங்காளி. தாலமின்னு ஒரு கிரேக்கன் 1,800 வருசத்துக்கு முந்தி ஒரே புஸ்தகத்துல அவளை புவிந்தான்னும், நம்ம காவிரியை கபேரோஸ்னும் குறிச்சு வெச்சான்.

இப்பத்தான் உனக்கான சமாச்சாரம் வருது, போனை மடியில வையி. போவண்ட் புருசன் நெக்தன்கிட்ட ஒரு கிணறு. அவனும் அவன் ஆளுங்க மூணு பேரும் தவிர யாரும் கிட்ட வரக்கூடாதுன்னு சட்டம். அவ விடுவாளா? போயி எடஞ்சுழியா சுத்தினா. கிணறு பொங்கி அவளையும் அடிச்சுக்கிட்டு ஆறா ஓடிருச்சு. இந்தப் பக்கம் அகத்தியர் காவிரியை கமண்டலத்துல அடைச்சு வெச்சாரு. காக்கா ஒண்ணு வந்து கவுத்துச்சு. ரெண்டு ஊர்லயும் மூடி போட்டவன் ஆம்பள, தெறிச்சு ஓடினவ பொம்பள.

பேரு வெக்கறது அப்பன் உரிமைன்னு நேத்து திண்ணையில வீராப்பு பேசினியே, உள்ள பாத்திரம் உருள்ற சத்தம் காதுல விழலயா? மே மாசம் சேர்வராயன் திருவிழாவுக்கு உன் பொண்டாட்டியையும் கூட்டிப் போ. குகை வாசல்ல குனியறப்போ ‘நீ என்ன பேரு நெனச்சிருக்கே புள்ள’ன்னு மெதுவா கேளு. அவ நெனச்சு நாளாச்சு. எங்கிட்ட சொல்லிட்டா, உங்க பாட்டிகிட்ட சொல்லிட்டா, பால்காரன்கூட அந்தப் பேரைச் சொல்லித்தான் புள்ளயக் கொஞ்சறான்.