லெட்டூசுக்கு லைட்டு எதுக்குக் கண்ணு?

வா கண்ணு, இப்படித் திண்ணையிலே குந்து. வேலையை லேப்டாப்புக்குள்ளே மடிச்சு வெச்சுக்கிட்டு ஊட்டிக்கே குடி வந்துட்டியாமே. பொடக்காளியிலே சாலட் இலை போட்டு, மருந்தடிக்காமத் திங்கப் போறியாமே. நல்ல ரோசனைதான். ஆரு வேண்டாம்னாங்க? ஆனா உன்ற வாசல்லே எறங்கியிருக்கிற அட்டைப்பெட்டிகளைப் பார்த்தா, நீ தோட்டம் போடறியா, ஆஸ்பத்திரி தொறக்கறியான்னு எனக்குப் பிடிபடலே. ஊதா வெளிச்சம் அடிக்கிற லைட்டு ஒண்ணு. விதைக்கு அடியிலே விரிக்கிற சூட்டு மெத்தை ஒண்ணு. மண்ணுலே குத்துனா நம்பர் சொல்ற மீட்டரு ஒண்ணு. தேங்காநார்க் கட்டி ஒரு மூட்டை. ஒரு மம்பட்டியை மட்டும் எங்கேயும் காணோம்.

கேட்டா, லண்டன்காரன் வீடியோவிலே சொன்னான்ங்கறே. அவனுக்கு என்ன கஷ்டம்னு கேட்டியா? அவனுக்கு டிசம்பர்லே பகல் 8 மணி நேரம்கூட இருக்காது. லைட்டுப் போடாம அவன் என்ன பண்ணுவான், பாவம். உனக்கு என்ன கேடு? நம்ம மலை பூமத்திய ரேகைக்கு 11 டிகிரி வடக்கேதான் கெடக்குது. வருசத்திலேயே குட்டையான பகல்கூட இங்கே பதினொண்ணேகால் மணி நேரத்துக்குக் கொறையாது. மேட்டுப்பாளையத்துக்கு அடிக்கிற சூரியன்தான் இங்கேயும் அடிக்கிறான். நாம நடுங்கறது 2,240 மீட்டர் ஒசரத்திலே குந்தியிருக்கறதாலே. வெளிச்சம் கொறைஞ்சதாலே இல்லே. அவன் குளிர் வேற, நம்ம குளிர் வேற.

அப்பறம் அந்தச் சூட்டு மெத்தை. லெட்டூஸ் விதைக்கு அதை விரிக்கறியே, அதுக்குச் சூடே ஆகாது தெரியுமா? மண்ணுச் சூடு 27, 28 டிகிரியைத் தாண்டிட்டா அந்த விதை மொளைக்காமத் தூங்கிப்போகும். சமவெளிக்காரன் அதை ஃப்ரிட்ஜிலே வெச்சு எடுத்துத்தான் விதைக்கறான். அவன் காசு குடுத்துக் குளுமை வாங்கறான், நீ குளுமையிலே குந்திக்கிட்டுக் காசு குடுத்துச் சூடு வாங்கறே. இதை எந்தக் கணக்குலே எழுத?

இன்னொண்ணையும் கேட்டுக்கோ. அது வெளிச்சம் பட்டா நல்லா மொளைக்கிற விதை. நீ என்ன பண்ணுனே? வெரல் ஆழத்துக்குக் குழி போட்டுப் பொதைச்சே. அது வரலேன்னதும் விதைக்காரனுக்கு ஃபோன்லே நட்சத்திரத்தைக் கொறைச்சே. அவன் என்ன பண்ணுவான்? மண்ணைப் பொடியாக் கொத்தி, விதையை மேலாப்புலே தூவி, உள்ளங்கையாலே லேசா அழுத்து. சலிச்ச குப்பையை மேலே கொஞ்சமாத் தூவு. பூவாளியிலே தண்ணி தெளி. அவ்வளவுதான்.

பாக்கெட்டை ஒரே நாள்லே கொட்டிப்போடாதே. வீட்டிலே நீயும் உன்ற சம்சாரமும். ஒரே வாரத்திலே நாப்பது லெட்டூஸ் உருண்டு நின்னா ஆரு திங்கறது? ஒறம்பரைக்கெல்லாம் பை பையாக் கட்டிக் குடுப்பே. நாலாவது பைக்கு அவிங்க கதவைச் சாத்திக்குவாங்க. ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா ஒரு சிட்டிகை தூவு. உருண்டை கட்டட்டும்னு காத்துக்கிட்டும் கெடக்காதே. வெளி இலையை ஒடிச்சுக்கோ, நடுக் குருத்தை விட்டுரு, மறுக்காத் தழையும். ரொம்ப நாள் விட்டியோ, தண்டு ஓடி, பால் வெச்சு, கசந்துபோகும். வயசானாக் கசக்கறது லெட்டூசுக்கும் உண்டு, என்னை மட்டும் சொல்லாதே.

பட்டத்துக்கு வருவோம். ஆடிப்பட்டம் தேடி விதைன்னு உன்ற ஆத்தா சொல்லிக் குடுத்திருக்கும். கீழே அது சரி. இங்கே ஆடியிலே மழை சாத்துற சாத்துலே விதை மண்ணோட ஓடி, கீழ் வீட்டுக்காரன் பொடக்காளியிலே மொளைக்கும். மலைக்குக் கணக்கு வேற. ஏப்ரல், மே மாசம் கார்போகம். ஆகஸ்ட், செப்டம்பர் கடைபோகம். ஜனவரி, பிப்ரவரி நீர்போகம், தண்ணி கட்ட வசதி இருக்கிறவனுக்கு. கெழங்குக்காரங்க காலங்காலமா இந்தக் கணக்குலேதான் வெள்ளாமை பண்றாங்க. உன்ற ஆப்பு என்ன சொல்லுது? 'வசந்தம் வந்ததும் நடவும்'னு சொல்லுதா? எந்த ஊரு வசந்தம்னு அதையே கேளு.

பனியைப் பத்திச் சொல்லோணும். நவம்பர்லே இருந்து பிப்ரவரி வரைக்கும், வானம் தொடைச்சு வெச்சாப்பலே இருந்து காத்தும் அசையலேன்னா, அன்னைக்கு ராத்திரி உறைபனிதான். காந்தல்லேயும் தலைகுந்தாவிலேயும் புல்லு வெள்ளையாக் கெடக்கறதைப் படம் புடிக்க விடியாலே காரு காரா வர்றாங்க. அவிங்களுக்குக் காட்சி, நட்டவனுக்கு வயித்தெரிச்சல். குளிர்ந்த காத்து கனமானது கண்ணு. சரிவுலே எறங்கிப் பள்ளத்திலே போய்த் தேங்கும். அதனாலே மேட்டுலே இருக்கிற செடி பொழைக்கும், ஓடைக்கரைச் செடி கருகும். நீ பீன்ஸை எங்கே நட்டிருக்கே? ஓடைக்கரையிலே. ஏன்னு கேட்டா, அங்கேதான் 'வியூ' நல்லாருக்குதாம். பீன்சுக்கு எதுக்கு வியூ? அது என்ன ரிசார்ட்டுலே தங்க வந்திருக்குதா?

பீன்சு, உருளை, தக்காளி எல்லாம் பனி தாங்காது. அதையெல்லாம் சரிவுலே ஏத்தி நடு. பொழுது சாயறப்போ நாலு குச்சி ஊணி, பழைய சீலையோ சாக்கோ இலை மேலே படாம விரி. வெயில் ஏறுனதும் எடுத்துரு. மறந்துட்டியா? வெயில் செடி மேலே விழறதுக்கு முந்தியே எந்திரிச்சு, தண்ணி தெளிச்சுப் பனியைக் கழுவி விடு. முட்டைக்கோசு, கேரட்டு, லீக்ஸு இதுகளைப் பத்தி வெசனப்படாதே. இதுக குளிருக்குப் பொறந்ததுக. குளிர் தட்டுனாக் கேரட்டு தன்ற மாவைச் சர்க்கரையா மாத்திக்கும். கேத்தி பாலாடாவிலே கழுவிக் குமிச்சு வெச்சிருக்கிற கேரட்டை ஒண்ணு கடிச்சுப் பாரு, நான் சொல்றது நாக்குக்கே தெரியும்.

நீ என்னடான்னா தக்காளிதான் போடுவேன்னு ஒத்தக்கால்லே நிக்கறே. பனிமூட்டம் நாலு நாள் சேர்ந்தாப்பலே எறங்குனா இலைக்கருகல் வந்து செடியே கருத்துப்போகும். உருளைக்கும் தக்காளிக்கும் அது ஒரே சீக்கு. அதுக்குன்னு பாலித்தீன் கூடாரம், அதுக்கொரு ஃபேனு, ஃபேனுக்கொரு இன்வெர்ட்டரு. கடைசியிலே வந்த பத்துத் தக்காளிக்குப் பேரு வெச்சுத் தாலாட்டலாம், ரசத்துலே போட மனசு வராது. தக்காளி கீழே இருந்து லாரியிலே வரட்டுமே. நம்ம கேரட்டு கீழே எறங்கிப் போறதில்லையா? சமவெளிக்காரன் லெட்டூசுக்கு அழுவான், மலைக்காரன் தக்காளிக்கு அழுவான். இருக்கிற எடத்திலே வர்றதைத் திங்கறதுக்கு மட்டும் ஆருக்கும் கௌரவம் எடங் குடுக்க மாட்டேங்குது. வேலியிலே ஒரு மேரக்காக் கொடி ஏத்தி விட்டா அது பாட்டுக்குக் காய்க்கும். அதைச் சொன்னா மூஞ்சியைச் சுளிக்கறே.

சுளிக்கிற வாய்தான் பெங்களூர்லே இருந்து 'கேல்' இலை வரவழைச்சுத் திங்குது. அந்த இலையும் முட்டைக்கோசும் நூல்கோலும் காலிஃபிளவரும் ப்ரோக்கோலியும் ஒரே சாதிச் செடி கண்ணு. தாவரம் படிச்சவங்களே அப்படித்தான் சொல்றாங்க. நீ நூல்கோலை வாங்கறப்போ கடைக்காரன் கிள்ளி மாட்டுக்குப் போடறான் பாரு, அந்த எளசான இலையைக் கேட்டு வாங்கிப் பொரியல் பண்ணு. காசே இல்லே. பீட்ரூட்டு இலையும் அப்படித்தான், அதுவும் நல்ல கீரை. மாடு உன்னைவிட ஒசந்ததைத் திங்குது, நீ அதுக்குப் பில்லுக் கட்டிக்கிட்டு இருக்கே.

மீட்டரு 5ன்னு காட்டுதுன்னு நேத்து அலறுனியாமே. நம்ம மண்ணு புளிப்பு மண்ணு, இது மலைக்கே தெரியும். நடறதுக்கு ஒரு மாசம் முந்தியே சுண்ணாம்பு தூவிக் கொத்திவிடு. போடலேன்னா முட்டைக்கோசு வேரு முண்டு முண்டா வீங்கிச் செடி சாய்ஞ்சுக்கும். சுண்ணாம்பையும் சாணிக் குப்பையையும் ஒரே நாள்லே போடாதே, குப்பையிலே இருக்கிற சத்து காத்தோட போயிரும். கேரட்டுப் பாத்திக்குப் பச்சைச் சாணி ஆகவே ஆகாது. போட்டா ரெண்டு காலு, மூணு காலு மொளைச்சு வரும், நீ அதையும் படம் புடிச்சுப் போடுவே. கெழங்கை வருசா வருசம் ஒரே எடத்திலே நடாதே. 1961லே ஊட்டியிலேதான் நம்ம நாட்டிலேயே மொதமொதல்ல கெழங்கு வேரைப் புடிக்கிற தங்க நூற்புழுவைக் கண்டுபுடிச்சாங்க. அது மண்ணுக்குள்ளே கூடு கட்டிப் பல வருசம் பொறுமையாக் காத்திருக்கும். உனக்கு இல்லாத பொறுமை அதுக்கு இருக்குது.

இந்த வீட்டுக் காய்கறி மோகம் புதுசுன்னு நெனைச்சியா? கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819லே மலை ஏறி வந்தாரு. கோத்தகிரி கன்னேரிமுக்குலே அவரு பங்களா இன்னும் நிக்குது. சீமைக் காய்கறி இங்கே வேர் புடிச்சது அவரு காலத்திலேதான். அப்பறம் 1847லே இங்கிருந்த வெள்ளக்காரங்க கூடி, மாசம் ஆளுக்கு 3 ரூபா சந்தா போட்டு, மலிவாக் காய் கெடைக்கோணும்னு ஒரு தோட்டம் போட்டாங்க. எந்தத் தோட்டம் தெரியுமா? நீ போய் டிக்கெட் எடுத்துப் பூப் பார்க்கறியே, அதே தாவரவியல் பூங்காதான். 1848லே கியூ தோட்டத்திலே இருந்து மெக்ஐவர்னு ஒருத்தர் வந்து அதைப் பூந்தோட்டமா மாத்துனாரு. முட்டைக்கோசுக்குப் போட்ட தோட்டம், மே மாசம் பூக் கண்காட்சியிலே போய் முடிஞ்சுது. கோத்தகிரி நேரு பூங்காவிலே காய்கறிக் கண்காட்சின்னு வெச்சு, கேரட்டுலே மிருகம் செஞ்சு நிறுத்தறாங்க. சனம் பக்கத்திலே நின்னு படம் எடுத்துக்குது. வெள்ளாமைங்கறது எந்தக் காலத்திலேயும் காட்சியாப் போகத்தான் பார்க்குது கண்ணு. நீ பொடக்காளியிலே ட்ரைபாடு நட்டு வெச்சிருக்கறதை நான் என்னத்துக்குக் குத்தம் சொல்லோணும்?

ஒண்ணு மட்டும் எந்த வீடியோக்காரனும் சொல்லியிருக்க மாட்டான். நீ திங்கறதுக்கு முந்தி, நத்தை திங்கும். மழைக் காலத்திலே ராத்திரி டார்ச்சு எடுத்துக்கிட்டுப் போய்ப் பொறுக்கோணும். இல்லே, ஈரச் சாக்கைப் பாத்தி ஓரத்திலே போட்டு வெச்சு விடியாலே தூக்கிப் பாரு, அடியிலே கூட்டமாக் கெடக்கும். முள்ளம்பன்றி கெழங்கைத் தோண்டும். காட்டு மாடு வந்துச்சுன்னா லெட்டூசையும் திங்கும், வேலியையும் எடுத்துக்கிட்டுப் போகும். அது நின்னா நீ நகந்துக்கோ. அதுக்கிட்டே போய் செல்ஃபி எடுக்காதே. உன்ற சம்சாரத்துக்குப் பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லே.

நாளைக்கு விடியாலே ஆறு மணிக்கு வா. மம்பட்டி நான் தர்றேன், சுண்ணாம்பு மட்டும் வாங்கிக்கிட்டு வந்துரு. ஓடைக்கரைப் பீன்ஸை மொதல்ல மேட்டுக்கு மாத்தோணும்.